கப்பல்ல சாப்பாடு எப்படி மாமா?

திருமானூர் பஸ் ஸ்டாப்பில் தஞ்சாவூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அக்கா மகன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சொகுசுக் கப்பலில் போய்வந்த ஒரு யூடியூப்காரர் தட்டு நிறைய இறாலை அடுக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அன்லிமிட்டெட் மாமா. காலையிலேர்ந்து நடுராத்திரி வரைக்கும் சாப்பாடாம். நெஜமாவா?"

நெஜம்தான். மூன்று கான்ட்ராக்ட், ஏறக்குறைய இருபத்தாறு மாதம், அந்தச் சாப்பாட்டைச் சுமந்தவன் நான். முதல் கான்ட்ராக்ட் முழுக்கப் பாத்திரம் கழுவினேன். அடுத்த இரண்டும் டைனிங் ஹாலில் உதவி வெயிட்டர். ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கப்பல்ல சாப்பாடு எப்படி என்றுதான். எப்படித் தூங்கினே என்று கேட்டது என் அம்மா மட்டும்.

அந்த வீடியோக்கள்மேலும், அதே தொனியில் தமிழில் வரும் பயணக் கட்டுரைகள்மேலும் எனக்குத் தீராத கோபம் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. பாதியைச் சொல்லிவிட்டு இவ்வளவுதான் கப்பல் என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பாதியை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலைக்குள் பெரிய டைனிங் ஹால், மேல்தளத்து பஃபே எல்லாம் அடங்கும். பல கப்பல்களில் இரவுச் சாப்பாடு நம்ம கல்யாண வீடு மாதிரி இரண்டு பந்தி. தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். ஸ்டேக், சுஷி என்று தனி உணவகத்துக்குப் போனால் தனிக் காசு. மது, வைஃபை இவற்றுக்கும் பெரும்பாலும் தனிக் காசு. டிப்ஸ் நாள் கணக்கில் தானாகவே பில்லில் ஏறிவிடும். ஜன்னல் இல்லாத உள் கேபின் லாட்ஜ் ரூமைவிடச் சின்னது, ஆனால் நல்ல தூக்கம் வரும். ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். இந்தியர்கள் அதிகம் ஏறும் கப்பல்களில் சைவமும் ஜெயின் சாப்பாடும் உண்டு. போதுமா?

2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. முதல்வர் கொடியசைத்தார். புதுச்சேரி அதைக் கரைக்கு விடவில்லை. சூதாட்டம் சரியா தவறா என்று ஒரு வாரம் பேசினோம், மிச்ச நாள் மெனுவைப் பேசினோம். அது 1990-ல் கட்டிய கப்பல், ராயல் கரீபியனிடமிருந்து வந்தது என்றெல்லாம்கூட எழுதினார்கள். எந்தக் கப்பலானாலும் உள்ளே வேலை பார்க்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று தமிழில் ஒரு பத்தி படித்த நினைவு எனக்கில்லை.

அவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 20 தளங்கள் கொண்டது. அதிகபட்சம் 7,600 பயணிகள், ஊழியர்கள் சுமார் 2,350 பேர். திருமானூர் பக்கம் ஒரு பெரிய கிராமமே அந்தக் கப்பலில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்த கப்பலில் எங்கள் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. இரண்டு அடுக்குக் கட்டில், இரண்டு பேர். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் மோதுகிற சத்தம் கேட்கும். ஒரு வாரம் சூரியனைப் பார்க்காமலே போனதுண்டு.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் ஏறிச் சோதனை போடுவார்கள். ஃபிரிட்ஜின் குளிர், கத்தி, பலகை, கழுவும் தண்ணீரின் சூடு எல்லாவற்றுக்கும் மார்க். நூற்றுக்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. அந்த மார்க்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

எங்கள் தூக்கத்துக்கும் விதி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்த 10 மணியை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு 6 மணியாவது இருக்க வேண்டும். படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். என் கப்பலில் நடந்தது வேறு. ஷிஃப்ட் முடிந்ததும் கார்டைத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்துவிட்டு மறுபடி உள்ளே போய் மிச்ச மேசைகளைத் துடைப்போம். கணினியில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், டைனிங் ஹாலில் நின்றுகொண்டிருப்பேன். இந்தக் கணக்குக்கு நூற்றுக்கு எத்தனை என்று எந்த இணையதளத்திலும் பார்க்க முடியாது. உங்கள் சூப் எத்தனை டிகிரி என்று உலகத்துக்கே தெரியும். அதைக் கொண்டுவந்தவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பது அவனுக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் தெரியும். எனக்கு எரிச்சல் இங்கேதான்.

அன்லிமிட்டெட் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தட்டில் மிஞ்சியது முழுக்க எங்கள் பிரிவுக்கு வரும், அரைக்கிற எந்திரத்தில் கொட்டுவோம். மார்போல் என்ற கடல் மாசுத் தடுப்பு உடன்படிக்கைப்படி, 25 மில்லிமீட்டருக்கு மிகாமல் அரைத்த உணவுக் கழிவை, விசேஷப் பாதுகாப்பு இல்லாத கடல்களில், கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டினால் கொட்டலாம். சட்டப்படி சரி. இலையில் நாலு பருக்கை மிச்சம் வைத்தால் "அதுக்கு ஒருத்தன் நாத்து நட்டிருக்கான்டா" என்று திட்டும் பாட்டியிடம் வளர்ந்தவன் நான். கடிக்காத கேக்கை அந்த எந்திரத்தில் தள்ளிய முதல் வாரம் கை கூசியது. பிறகு கூசவில்லை. கூசாமல் போனதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நமக்கும் கப்பலுக்கும் உறவு நேற்று தொடங்கியதல்ல. என் தாத்தா 1950-களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறிப் பினாங்கு போனவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பலுக்கு ஒரு காலத்தில் 5,000 பேருக்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் பாயை விரித்த இடம்தான் கேபின். தட்டை ஏந்தி வரிசையில் நின்று வாங்கிய சோற்றைப் பற்றித் தாத்தா நிறையச் சொல்வார். மேலே வெள்ளைத்துணி விரித்த மேசையில் சாப்பிட்டவர்களைப் பற்றியும் சொல்வார். அவர் அண்ணாந்து பார்த்த மேசைக்கு நான் போய்ச் சேர்ந்தேன், துடைக்க. இரண்டு தலைமுறை கீழ்த்தளத்தில் கழித்த சமூகத்தின் மொழியில், கப்பலைப் பற்றிய எழுத்து முழுக்க மேல்தளத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து வருவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

"அந்தக் கப்பல் காசுலதானே உங்க வீட்டுக்குத் தளம் போட்டீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், தளம் போட்டேன், தங்கச்சி படிப்பை முடித்தாள். அதை நான் மறைக்கவில்லை. சம்பளம் கொடுத்ததால் தூக்கத்தைத் திருடலாம் என்று ஆகிவிடுமா? பயணிகளை நான் குறை சொல்லவில்லை. போங்கள், சாப்பிடுங்கள். எழுதும்போது மட்டும் எட்டு வகை பிரியாணியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மேசைக்காரன் எந்த ஊர், எத்தனை மாதமாகக் கடலில் இருக்கிறான் என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். அந்த வீடியோவை அவன் தம்பியும் பார்க்கிறான்.

பார்க்கிறான் என்றது என் அக்கா மகனைத்தான். கேட்டரிங் முடித்திருக்கிறான். ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்டிருக்கிறார். அக்கா தாலிச் செயினை அடகு வைக்கத்தான் அன்று தஞ்சாவூர் கிளம்பினாள், நாங்கள் துணைக்கு. மருத்துவச் சான்று, சிடிசி புத்தகம், பாஸ்போர்ட் செலவு தவிர, ஆள்சேர்ப்புக்கென்று கடலோடியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. ஆள் அனுப்பும் நிறுவனம் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தில் ஆர்பிஎஸ்எல் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து தேடினோம். அந்த ஏஜென்ட் பெயர் அதில் இல்லை.

"அப்ப போவக் கூடாதுங்கிறியாடா தம்பி?" என்றாள் அக்கா.

"போவட்டும்க்கா. காசு குடுக்காமப் போவட்டும். லேட்டானாலும் பரவால்ல."

அக்கா செயினைக் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி வைத்தாள். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. அவன் போனை அணைத்துவிட்டுக் கேட்டான்: "வேலை முடியாமலே கார்டு தேய்க்கச் சொன்னா நான் என்ன மாமா பண்ணணும்?"

நான் ஜன்னல் வழியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு மாதமும் தேய்த்தவனிடம் கேட்டால் என்ன பதில் இருக்கும்?