ஏழு மணிக் கணக்கு

"ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடு." சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், எங்கே கேட்டாலும் பெண் பிள்ளைகளுக்கு வீடு போடும் சட்டம் இதுதான். சொல்பவர்கள் இதை அக்கறை என்கிறார்கள். நான் தப்புக் கணக்கு என்கிறேன். அந்தத் தப்புக்கு அபராதம் கட்டுவது பெண்கள் மட்டுமே.

கணக்கு எங்கே தப்புகிறது என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற உளவியலாளர்கள் 1973இல் விளக்கினார்கள். ஓர் ஆபத்து எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று மனம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கோர் உதாரணம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்த்தே முடிவு கட்டிவிடுகிறது. இது மனத்தின் குறுக்குவழி.

தாம்பரம் ரயில் தடத்தில் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருபவை இரண்டு நடைமேடைகள். 2016 ஜூன் 24, நுங்கம்பாக்கம்: வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபர் 13, பரங்கிமலை: கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். முதலாவது நடந்தபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. இரண்டாவது நடந்தது பட்டப்பகலில். மாலை ஏழு மணிக் கெடு இருவரில் யாரையும் காப்பாற்றியிருக்காது. பரங்கிமலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவன் அந்நியனும் அல்ல. மாணவிக்குத் தெரிந்தவன், மறுப்பை ஏற்காமல் பின்தொடர்ந்தவன். ஆனால் நம் வீடுகளின் நினைவில் தங்கியது ஸ்டேஷன் மட்டும்.

நினைவை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்போம். 2022இல் நாட்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256. அவற்றில் மிகப் பெரிய பங்கு, 31.4 சதவீதம், கணவனும் அவன் உறவினரும் இழைத்த கொடுமை. உலக அளவில் 2023இல் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிடுகிறது. படுக்கையறையில் சிசிடிவி இல்லை. அங்கே நடப்பது திரும்பத் திரும்பத் தொலைக்காட்சியில் ஓடுவதில்லை. அதனால்தான் ரயிலுக்குப் பயப்படும் அப்பா கல்யாணத்துக்குப் பயப்படுவதில்லை.

ஏழு மணி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தது: பொதுவாகக் காலை ஆறு முதல் மாலை ஏழு வரைதான் பெண்கள் அங்கே வேலை செய்யலாம். 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. பாதுகாப்பும் வண்டியும் தரவேண்டிய பொறுப்பை நிர்வாகத்தின் தலையில் வைத்தது. ஆனால் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து நான் தங்கிய மகளிர் விடுதியில் ஏழரைக்குக் கதவைப் பூட்டினார்கள். ஷிஃப்ட் ஒன்பதுக்கு முடியும் என்பதற்காகவே என் அறைத்தோழி சிறுசேரி வேலையை விட்டாள்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. இரவில் தாம்பரத்தில் இறங்கி நடக்கையில் நானும் திரும்பிப் பார்க்கிறேன். தெரு ஆபத்தானது என்றால் விளக்குப் போடுங்கள், கடைசி பஸ்ஸைத் தாமதமாக விடுங்கள், பின்தொடர்கிறான் என்று புகார் கொடுத்தால் அன்றே நடவடிக்கை எடுங்கள். ஆபத்து ஆணிடம், பூட்டு பெண்ணுக்கு என்பது என்ன நியாயம்?

அடுத்த முறை "காலம் கெட்டுக் கிடக்கு" என்று யாராவது தொடங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு, யாரால், எந்த இடத்தில்? பதில் சொல்ல அவர்கள் வீட்டுக்குள்ளும் பார்த்தாக வேண்டும்.