பாத்திரத்துக்குக் கூலி வேண்டாம்

வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கலாமா என்று அம்மாக்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு நடக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டுகிறார்கள். படுக்கையை மடித்தால் ஐந்து ரூபாய், குப்பை கொட்டினால் ஐந்து, பாத்திரம் தேய்த்தால் பத்து. பொறுப்பு வரும், காசின் அருமை தெரியும் என்கிறார்கள். நான் இந்த அட்டவணையை எதிர்க்கிறேன்.

முதலில், நம் வீடுகளில் எந்த வேலைக்குக் காசு கிடைக்கிறது? கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் பையனுக்கு மீதிச் சில்லறை. வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்ணுக்குப் 'பொறுப்பான பொண்ணு' என்ற பட்டம். அந்தப் பட்டத்தைக் கொடுத்து ஒரு கடலை மிட்டாய்கூட வாங்க முடியாது.

இருவருக்கும் சமமாகவே கொடுத்தாலும் சிக்கல் தீராது. விலை வைத்துவிட்டால், 'எனக்கு அந்தப் பத்து ரூபாய் வேண்டாம், நான் தேய்க்கவில்லை' என்று பையன் எழுந்து போகலாம். அக்காவும் அப்படிப் போக முடியுமா? அவன் விட்டுப் போன பாத்திரம் அவளிடமோ அம்மாவிடமோதான் வந்து சேரும். காசுக்காகத் தட்டு கழுவப் பழகியவன், காசு தேவைப்படாத வயதில் கழுவுவதை நிறுத்திவிடுவான்.

ஒன்றிய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயது முதலே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

பெண்ணியவாதிகளே வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டார்களே என்று கேட்பீர்கள். 1970களில் செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரீச்சி போன்றோர் கேட்டார்கள். அவர்கள் அரசிடம் கேட்டார்கள். அன்பு என்ற பெயரில் சுரண்டப்படும் உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்ள வைக்கக் கேட்டார்கள். அம்மா கூலியில்லாமல் சமைக்கும் அடுப்படியில் மகனுக்கு மட்டும் கூலி கொடுப்பது அதற்கு நேர் எதிரானது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்தின் பெயரில் 'உரிமைத் தொகை' என்றிருக்கிறது. இன்று வீடு கூட்டவில்லை என்று யாரும் அதில் பிடித்தம் செய்வதில்லை. பிள்ளைகளின் காசும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என் வீட்டில் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. வயதுக்கு ஐந்து ரூபாய் வீதம் வாரந்தோறும் கைச்செலவுக்குத் தருகிறோம்: அவளுக்கு 60, அவனுக்கு 45. வேலையைக் காரணம் காட்டி அதில் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வேலைகள் தனி. பாத்திரம் தேய்ப்பது, கூட்டித் துடைப்பது, துணி காயப்போட்டு மடிப்பது, கக்கூஸ் கழுவுவது என நான்கு வேலை, நான்கு பேர். வாரம் ஒருமுறை மாறும். அப்பாவுக்கும் விலக்கு இல்லை. சமையல் பெரியவர்கள் இருவரின் முறை. ஒருவர் செய்யாமல் விட்டால் அந்த வேலை அவருக்காகவே காத்திருக்கும். காலையில் தட்டு இல்லையென்றால் அவரேதான் கழுவ வேண்டும்.

இதைக் காப்பாற்றுவது எளிதல்ல. அத்தை ஊரிலிருந்து வந்தால் பேரன் பாத்திரம் தேய்ப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "அக்காகிட்ட குடுடா" என்பார். 299 நிமிடம் அந்த இரண்டு சொல்லில்தான் தொடங்குகிறது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, அவருடைய மகன். அவர் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேச்சு குறைந்தது.

'அம்மாவுக்கு உதவி செய்' என்றும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். உதவி என்றால் வேலை அம்மாவுடையது என்றாகிவிடும். உண்பவர் எல்லோருக்கும் உரியது அந்த எச்சில் தட்டு. இதை வாசிக்கும் மாணவிகளே, உங்கள் வீட்டில் தம்பியின் தட்டு யார் கைக்குப் போகிறது என்று இன்றிரவு பாருங்கள். உங்கள் கைக்கு வந்தால், அதை அவனிடமே திருப்பிக் கொடுங்கள்.