தணலும் தண்ணீரும்



பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து விடுமுறை வந்ததும், நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ சென்று, கூடாரம் அடித்து ஓரிரவு தங்கி வருவதுண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே சாப்பாட்டு நேரம் வந்ததும் பலருடைய முகம் வாடிவிடுகிறது. சோறு அடியில் தீய்ந்து, மேலே அரிசியாய் நிற்கிறது. கோழி வெளியே கரியாகி, உள்ளே பச்சையாய் இருக்கிறது. வீட்டில் அறுசுவை உண்டி சமைக்கும் நம் கைகள், திறந்தவெளி நெருப்பின் முன் மட்டும் ஏன் தடுமாறுகின்றன?

காரணம் ஒன்றுதான். நாம் சுடரில் சமைக்கிறோம். தணலில் சமைக்க வேண்டும்.

கல்யாண வீடுகளில் பண்டாரிகள் பிரியாணிக்குத் தம் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எரியும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, அடியில் தணலை மட்டும் பரப்பி, தேக்சாவின் மூடி மீதும் தணலை அள்ளிப் போடுவார்கள். சுடர் காற்றுக்கு ஆடும்; ஒரு பக்கம் எரிக்கும், மறுபக்கம் விட்டுவிடும். தணலோ ஒரே சீராகச் சூடு தரும். பண்டாரியின் கைப்பக்குவத்தில் பாதி இந்தப் பொறுமையே.

ஆகவே, சமைக்கத் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே நெருப்பை மூட்டிவிடுங்கள். நன்கு காய்ந்த சவுக்கு, புளி, கருவேலம் ஆகியவை நின்று எரிந்து நல்ல தணல் தரும். முருங்கை போன்ற மென்மரங்கள் விரைவில் சாம்பலாகிவிடும். சாயம் பூசிய பழைய பலகைகள் வேண்டாம். அரளிச் செடியின் பக்கமே போகாதீர்கள். அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதை விறகாக எரிப்பதும், அதன் குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுடுவதும் ஆபத்தாகும்.

இரண்டு முழ நீளத்துக்கு ஆழமில்லாத பள்ளம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் விறகு எரியட்டும். விழும் தணலை மறுமுனைக்குத் தள்ளி, அங்கே பாத்திரத்தை ஏற்றுங்கள். சமையல் முடியும்வரை தணலுக்குப் பஞ்சம் வராது. பாத்திரத்தைத் தாங்கக் கற்கள் வைப்பதானால் காய்ந்த கற்களையே தேடுங்கள். ஆற்றுக்குள் கிடந்த ஈரக் கல்லைச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும்.

சூட்டை எப்படி அளப்பது? தணலுக்கு மேலே, பாத்திரம் இருக்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி மெதுவாக எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால், அது தாளிக்கவும் வறுக்கவும் ஏற்ற சூடு. ஐந்தாறு வரை தாங்கினால் ஆணம் கொதிக்க ஏற்றது. எட்டு, பத்து என்று தாங்கினால் தம் போடலாம்.

முதல் முறைக்கு நெய்ச்சோறும் கோழி ஆணமும் போதும். இஞ்சி பூண்டு விழுதையும் மசாலைப் பொடிகளையும் வீட்டிலேயே அளந்து கட்டிக்கொள்ளுங்கள். கோழியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். குளிர்ச்சியை விட்டு வெளியே எடுத்த இறைச்சி 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடும் கோடையில் 1 மணி நேரமே எல்லை. பாத்திரத்தின் வெளிப்புறம் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டால், கரி மண்ணோடு கழன்று வந்துவிடும். கழுவுகிற கை நோகாது.

அரை மணி நேரம் ஊறிய சீரகச் சம்பா ஒரு பங்குக்கு ஒன்றே முக்கால் பங்கு தண்ணீர் வையுங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பவர்கள் அதையும் இந்தக் கணக்கிலேயே கொள்ள வேண்டும். நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலம், வெங்காயம் தாளித்து, நீர் கொதித்ததும் அரிசியைப் போடுங்கள். அரிசியும் நீரும் சமமாக வந்தவுடன் அடித் தணலைக் குறைத்து, மூடி, மூடியின் மேல் ஒரு கரண்டித் தணல் பரப்புங்கள். கால் மணி நேரம் திறக்கவே கூடாது. கோழியைப் பொறுத்தவரை, தொடையின் தடித்த பகுதியைக் கீறிப் பார்க்கும்போது சிவந்த நீர் வடியக் கூடாது. எலும்பை ஒட்டிய சதையும் வெந்திருக்க வேண்டும். இதற்கிடையே பிள்ளைகளுக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைச் சுடுசாம்பலில் புதைத்து வைத்தால், முக்கால் மணி நேரத்தில் மணக்க மணக்க வெளியே வரும்.

நெருப்பருகே நிற்கும் சகோதரிகள் பருத்தி ஆடையே உடுத்துங்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். இரவில் குளிர்கிறது என்று தணல் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே அது கொன்றுவிடும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தார் ஆற்று மணலில் சமைத்து, சகனைச் சுற்றி அமர்ந்து உண்டோம். அன்றைய சோற்றின் ருசி இன்றும் நாவில் நிற்கிறது. உண்டு முடித்ததும் நெருப்பின் மேல் மணலைத் தள்ளி மூடினோம். அணைந்துவிட்டது என்று நம்பினோம். மாலையில் பந்து விளையாடிய என் தம்பி மகன், ஐந்து வயதுப் பிள்ளை, வெறுங்காலோடு அந்த இடத்தில் ஓடினான். மேல் மணல் குளிர்ந்துதான் கிடந்தது. இரண்டு விரற்கடைக்குக் கீழே தணல் உயிரோடு இருந்தது.

அவன் அலறிய அலறலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பற்பசை தடவச் சொன்னார். இன்னொருவர் மை ஊற்றச் சொன்னார். அவனுடைய உம்மா எதையும் காதில் வாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வயலின் பம்புசெட்டுக்கு ஓடினாள். விழும் நீரில் அவன் பாதத்தை 20 நிமிடம் பிடித்திருந்தாள். பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். "தண்ணீர் ஊற்றியதுதான் காலைக் காப்பாற்றியது" என்றார் மருத்துவர். இறையருளால் இன்று அவன் ஓடியாடுகிறான். ஆனால் தழும்பு இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், மணலைத் தள்ளிய கைகளில் என் கையும் ஒன்று என்பது நினைவுக்கு வருகிறது.

மணல் நெருப்பை மறைக்கும். அதன் சூட்டைப் போக்காது. புதைந்த தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். எனவே தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். சீறும் ஓசை நின்று, புறங்கையை அருகே கொண்டுசென்றால் சூடு தெரியாத நிலை வந்த பின்னரே அந்த இடத்தை விட்டு அகலுங்கள். அதற்கென இரண்டு குடம் தண்ணீரை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

காப்புக்காடுகளில் நெருப்பு மூட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவாக எரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அனுமதி உள்ள இடத்தில், காய்ந்த சருகுகளை அகற்றிவிட்டு, காற்று அடங்கிய வேளையில் மட்டுமே அடுப்பு மூட்டுங்கள்.

விடுமுறைக்குப் புறப்படும் சகோதரிகளே! உப்பையும் புளியையும் மறந்தால் பக்கத்துக் கூடாரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நெருப்பை அணைக்க மறந்தால், நமக்குப் பின்னால் அவ்விடத்துக்கு வரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை அதற்கு விலை கொடுக்க நேரிடும்.