வீசியதும் பேசியதும்

அமைதியைத் தேடுவோர் பெரும்பாலும் வேலைப் பளுவையே பகையெனக் கொள்கின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து வீடு திரும்புபவரும், ஆவடியிலிருந்து நெரிசல் மிக்க மின்தொடர் வண்டியில் கல்லூரிக்கு வரும் மாணவரும் களைத்திருப்பது உண்மையே. ஆயின், களைப்பு உறங்கினால் தீரும். உறங்கியும் தீராத ஒன்று உண்டு. “இவ்வளவு செய்தேனே, எனக்கு என்ன கிடைத்தது?” என்று உள்ளே ஓயாது ஓடும் கணக்கு அது. நம் அமைதியைப் பெரிதும் கெடுப்பது இக்கணக்கே என்பது நம் கருத்து. நற்செயல் செய்வோரிடத்தே அது இன்னும் நுட்பமாக ஒளிந்துகொள்கிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூவிருந்தவல்லியிற் பிறந்தவர் திருக்கச்சி நம்பி, 11ஆம் நூற்றாண்டினர், வணிகர் குலத்தவர். காஞ்சி வரதராசர் கோயிலில் ஆலவட்டம் வீசுவது அவர்தம் தொண்டு. இறைவன் அவரோடு உரையாடுவான் என்பது வைணவ மரபு. ஒருநாள் அவர் வீடுபேறு வேண்டினாராம். அவர் வீசியதற்கு இறைவன் பேசியது ஈடாயிற்று, கணக்கு நேர் என்று விடை வந்ததாம். தொண்டின் பேரால் கைநீட்டுவோர்க்கு இதனினும் கூரிய மறுமொழி உண்டோ? நம்பி மனம் கசந்தாரில்லை. ஆசிரியர் ஒருவரின் அருளை நாடி, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாது, திருக்கோட்டியூர் நம்பியிடம் மாடு மேய்க்கும் ஆளாகச் சேர்ந்தார் என்று அக்கதை தொடர்கிறது.

இக்காலத்தில் நாம் மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் இறக்கைகளில் ‘உபயம்’ என எழுதி நம் பெயரையும் பொறித்துவிடுகிறோம். அது சுழலும்போது பெயரை எவராலும் படிக்க இயலாது என்பது வேறு!

அதே நூற்றாண்டின் இறுதியில், பக்தாதில் இமாம் கஸ்ஸாலிக்கு நேர்ந்தது ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1091இல் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் பேராசிரியரானவர்; முந்நூறு மாணவர்க்குப் பாடம் சொன்னவர். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே வினவினார். புகழுக்காகவே என்ற விடை அவரை உலுக்கியது. நா எழவில்லை, உணவு செல்லவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று மருத்துவர் கைவிரித்தனர். இவற்றை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். 1095இல் பதவியைத் துறந்து டமாஸ்கஸ் நோக்கிப் புறப்பட்டார். பத்தாண்டுகளுக்குப்பின் நைசாப்பூரில் மீண்டும் கற்பிக்க வந்தார் என்பதே நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி. விட்டொழித்தது கற்பித்தலை அன்று. அதன்வழிப் பெற்ற பெருமிதத்தை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘அகந்தையை விடு, அமைதியாயிரு’ என்னும் அறிவுரை நம்மிடையே எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே சொல்லப்படுகிறது. கூலி கேட்கும் தொழிலாளியிடமும், ஐயம் கேட்கும் மாணவனிடமும், சொத்தில் பங்கு கேட்கும் சகோதரியிடமும் அதைச் சொல்கிறோம். உரிமை கேட்பது அகந்தையாகாது. அவ்வறிவுரை முதலில் சேர வேண்டிய இடம் மேடையின் முன்வரிசை நாற்காலிகளே.

திருக்கச்சி நம்பியின் வரலாற்றிலும் அப்படித்தான் காண்கிறோம். பிறப்பால் அந்தணரான இராமாநுசர், நம்பி உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பி அவரை வீட்டிற்கு அழைத்தார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பி வந்து உண்டு சென்றார். எஞ்சியதை அகற்றி, இடத்தைக் கழுவி, நீராடிவிட்டு மனைவியார் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார் என்கிறது குருபரம்பரைக் கதை. திரும்பி வந்த இராமாநுசர், மெழுகிய தரையைக் கண்டு மனம் நொந்தார்.