மானுக்கு ஒரு பிறந்த வீடு

மான் வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண்மணி யார் என்று கேட்டால், யோசிக்காமலே சீதாப்பிராட்டி என்று சொல்லிவிடுவீர்கள். "பிடித்துத் தாருங்கள்" என்று கேட்டாள். அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. சகுந்தலை அப்படிக் கேட்கவில்லை. அவள் இருந்த ஆசிரமத்தில் மான்கள் தாமாகவே வந்து போய்க்கொண்டிருந்தன. அவள் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அவள் வளர்த்த குட்டி ஒன்று பின்னாலேயே வந்து ஆடையைப் பிடித்து இழுத்ததாகக் காளிதாசன் எழுதியிருக்கிறான்.

பிடித்து வைப்பது ஒன்று. தானாக வந்து தங்கும்படி செய்வது வேறொன்று. இந்த வாரம் இரண்டாவது சமாசாரத்தைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

"மானாவது, தங்குவதாவது! எங்கள் வீட்டில் பால் ஊற்றி வளர்த்த பூனையே எதிர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது!" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. சிரியுங்கள், பாதகமில்லை. ஆனால் அமெரிக்காவில் நாட்டுப்புறத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இது சிரிப்பு அல்ல. 'மான் வருகிறது, தின்கிறது, போய்விடுகிறது. நம் நிலத்தில் தங்குவதற்கு என்ன செய்யலாம்?' என்பது அவர்களுக்குப் பெரிய கவலை.

அந்த நாட்டின் வடக்கே விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் போன சீமை. அங்கே உள்ளது வெண்வால் மான். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கம் முழுதும் வெள்ளை வெளேர் என்று, கைக்குட்டையை வீசினாற்போல் இருக்கும்.

அந்த ஊரில் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதைப் பதினாறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு 40 ஏக்கர். நம் கணக்கில் 40 ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய மிராசுதார்! மான் கணக்கில் அவர் ஏழை. ஏனென்றால், ஒரு பெண் மான் வருஷம் முழுவதும் நடமாடும் வட்டாரம் ஏறத்தாழ ஒரு சதுர மைல். தீனி செழித்த இடத்தில் குறையும், செழிக்காத இடத்தில் கூடும். ஆக, மானின் வீட்டில் பதினாறு அறைகள் என்று வைத்துக்கொண்டால், நம்மிடம் இருப்பது ஓர் அறைதான். வேலி போட்டு அடைக்கவும் முடியாது. காட்டு மான் தனி மனிதர் சொத்தல்ல என்பது அங்கே சட்டம். நம்மால் முடிந்தது ஒன்றே ஒன்று: அந்தப் பதினாறு அறைகளில் நம் அறையை அதன் படுக்கையறை ஆக்கிவிடுவது.

இதற்கு எல்லாரும் முதலில் செய்வது என்ன தெரியுமா? நாம் செய்வதைத்தான். விருந்தாளி என்றதும் அடுப்பைப் பற்ற வைத்துவிடுகிறோம் அல்லவா? அவர்கள் மூட்டை மூட்டையாக மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதிலும் பனி கொட்டும் நாளில், 'ஐயோ பாவம், பட்டினி கிடக்குமே' என்று இரக்கப்பட்டுக் கொட்டுகிறார்கள்.

இந்த இரக்கம்தான் எமனாகிறது. மானின் இரைப்பையில், மாட்டுக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள். தின்றதைச் செரிக்கச் செய்வது முதல் அறையில் இருக்கும் கோடானு கோடி நுண்ணுயிர்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கிறதே, அந்த மாதிரி வேலை. குளிர்காலத்தில் மான் தின்பது மொட்டும் சுள்ளியும். அதற்கேற்ற நுண்ணுயிர்களே அப்போது வயிற்றில் இருக்கும். புதுத் தீனிக்குப் பழக அவற்றுக்கு வாரக் கணக்கில் நாள் பிடிக்கும். திடீரென்று வயிறு நிறையச் சோளம் விழுந்தால் உள்ளே எல்லாம் மிதமிஞ்சிப் புளித்து, இரத்தமும் கெட்டுப்போகிறது. பட்டினியால் சாகாத மான் நிறைந்த வயிற்றோடு செத்துக் கிடக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1967-ஆம் வருஷம் கொலராடோ மாநிலத்தில் ஒரு நோயைக் கண்டார்கள். உடம்பில் உள்ள ஒரு புரதம் உருக்கெட்டுப் போய் மூளையை அரித்து, மானை எலும்பும் தோலுமாக்கிக் கொன்றுவிடும். மருந்தே கிடையாது. 2002-இல் அது விஸ்கான்சினிலும் தென்பட்டது. எச்சில் மூலமாகவும் பரவக்கூடிய நோய். பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்த மாநிலத்தில் பல மாவட்டங்களில் மானுக்குத் தீனி வைப்பதையே தடை செய்திருக்கிறார்கள்.

சோறும் போடக் கூடாது, வேலியும் போடக் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது?

இதற்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் ஆல்டோ லியோபோல்டு. விஸ்கான்சின் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். காட்டுப் பிராணிகளைப் பேணும் முறையைப் பற்றி 1933-இல் பெரிய புத்தகம் எழுதியவர். எழுதியதோடு நிற்கவில்லை. 1935-இல், மண் சத்தெல்லாம் போய், குடியானவர் கைவிட்டுப் போன ஒரு பழைய பண்ணையை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்த கட்டடம் ஒரு கோழிக்கூண்டு! அதைக் கூட்டிப் பெருக்கிக் குடிலாக்கிக்கொண்டு, மனைவி எஸ்டெல்லாவும் ஐந்து குழந்தைகளுமாக வாரக் கடைசியில் அங்கே போய் மரம் நட்டார்கள். முதலில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை வறட்சியில் கருகின. மறுபடி நட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக நட்டார்கள். இன்று அது காடு. பக்கத்து நிலத்தில் பிடித்த புல்தீயை அணைக்கப் போன இடத்தில், 1948 ஏப்ரலில், மாரடைப்பால் காலமானார்.

அவர் வற்புறுத்திய விஷயம் இது: மிருகத்துக்கு வேண்டியது தீனி மட்டும் அல்ல, தீனி, தண்ணீர், மறைவு மூன்றும் அருகருகே வேண்டும். காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்களில்தான் இவை கைக்கெட்டும் தூரத்தில் அமைகின்றன. நம் வீட்டிலும் அப்படித்தானே? கிணறு ஒரு கோடியிலும் சமையலறை மறு கோடியிலும் இருந்தால் எந்த மருமகளுக்குத்தான் அந்த வீட்டில் கால் தரிக்கும்?

இன்று விவரமறிந்தவர்கள் செய்வது இதையே. ஓக் மரங்களைக் காப்பாற்றுகிறார்கள். துவர்ப்புக் குறைந்த வெள்ளை ஓக்கின் கொட்டை என்றால் மானுக்கு உயிர். வெளியில் குளோவர் என்னும் தீவனச் செடியைக் கொஞ்சம் விதைக்கிறார்கள். உதவாத மரத்தைப் பாதி வரை அறுத்து, முறிந்து பிரியாமல் சாய்த்து விடுகிறார்கள். பட்டையின் ஒரு பக்கம் ஒட்டியிருப்பதால் அது சாய்ந்தபடியே தழைக்கிறது. எட்டாத உயரத்தில் இருந்த இலையும் மொட்டும் மானின் வாய்க்கு எட்டுகின்றன. கீழே அடர்ந்த மறைவும் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. செலவு இல்லாதது, ஆனால் எல்லாவற்றிலும் கஷ்டமானது. நிலத்தின் நடுவே ஒரு பாகத்தை ஒதுக்கிவிட்டு, *அங்கே போகாமல் இருப்பது.* வழியை ஓரமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பிரமாதம். நாம் நடந்துவிட்டு வந்த பிறகும் வாசனை அங்கே இருக்கிறது. குளிர்காலம் முடியும் சமயம் ஆண் மான் உதிர்த்த கொம்புகளைப் பொறுக்க ஒரு தரம் போய் வந்தால் அதோடு சரி. பணம் போட்டு வாங்கிய சொந்த நிலத்தில் கால் வைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும்! சோளம் கொட்டுவது அதைவிட எத்தனையோ சுலபம்.

அந்த ஒதுக்கிடத்தில் நடப்பதைக் கேளுங்கள். சுமார் 200 நாள் கர்ப்பத்துக்குப் பிறகு, மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ பெண் மான் குட்டி போடுகிறது, பெரும்பாலும் இரட்டை. குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தாய் விலகிப் போய்விடுகிறது. கல் நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த குட்டிக்கு வாசனை மிகக் குறைவு, உடம்பெல்லாம் புள்ளி, அசையாமல் கிடந்தால் நரியும் ஓநாயும் கண்டுகொள்வது கடினம். தாய் பக்கத்தில் நின்றால்தான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஆகவே தள்ளி நின்று, நாளுக்குச் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறது. இது தெரியாத நல்ல மனசுக்காரர்கள், 'தாயில்லாப் பிள்ளை' என்று வாரி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். மாலையில் தாய் வந்து வெறும் புல்லை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பெற்றவளுக்கு இதைவிட என்ன தண்டனை இருக்கிறது?

அப்படி யாரும் தூக்கிப் போகாமல் வளர்ந்த குட்டிகளில், பையன்கள் ஒரு வயது, ஒன்றரை வயதில் பல மைல் தாண்டிப் புதுச் சீமை தேடிப் போய்விடுகிறார்கள். பெண்கள் அநேகமாகத் தாயின் வட்டாரத்தை ஒட்டியே குடித்தனம் தொடங்குகிறார்கள். பாட்டி, தாய், பேத்தி என்று ஒரு கூட்டம். நம் வழக்கத்துக்கு நேர்மாறு! மானைத் தங்க வைப்பது என்பதன் ரகசியம் இதுதான். கொம்புள்ள ஐயாவைக் கூப்பிட வேண்டாம். ஓர் அம்மா நிம்மதியாகப் பிள்ளை பெறும்படி இடம் கொடுத்தால், அவள் பெண்ணுக்கு அது பிறந்த வீடு ஆகிவிடுகிறது.

இத்தனையும் எதற்கு என்ற கேள்வியை நான் மறைக்கப் போவதில்லை. அங்கே பெரும்பாலோர் மானை வருந்தி அழைப்பது வேட்டைக்கு. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். 'விருந்துக்குக் கூப்பிட்டுச் சுடுவதா!' என்று எனக்கும் நெஞ்சு துணுக்குற்றது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1900-ஐ ஒட்டிய காலத்தில் மிஞ்சிய வெண்வால் மான்கள் அந்த நாடு முழுவதிலும் சில லட்சம். இன்று ஏறத்தாழ 3 கோடி. அவற்றைத் தின்று அளவில் வைத்திருந்த ஓநாய்களை மனிதர்கள் ஏறக்குறைய ஒழித்தார்கள். விஸ்கான்சினின் வடபகுதியில் ஓரளவே அவை திரும்பியிருக்கின்றன. மான் மட்டுமீறிப் பெருகினால் காட்டில் ஒரு கன்றுகூடத் தலையெடுக்காது. பிறகு மானுக்கே பட்டினி. 1940-களில் லியோபோல்டு, பெண் மான்களையும் குறைத்தால்தான் காடு பிழைக்கும் என்று சொல்லி ஊரார் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் மானை வெறுத்தவர் அல்ல. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லைதான். ஆனால் அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நமக்கு நாற்பது ஏக்கரும் இல்லை, நாலு ஏக்கரும் இல்லை. ஆனாலும் சென்னையில் கிண்டிப் பக்கம் புள்ளிமானைக் கண்டால் குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, "போடு, போடு" என்கிறோம். அதற்கும் அதே நாலறை வயிறுதான். பிஸ்கட்டைச் சுற்றிய காகிதமும் பிளாஸ்டிக்கும் அதே வயிற்றுக்குள்தான் போகின்றன.

அடுத்த தடவை குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், பத்தடி பின்னால் நின்று பாருங்கள். மான் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கும். ஓடாமல், மறுபடி குனிந்து புல்லை மேய்ந்தால் அறிந்துகொள்ளுங்கள்: உங்கள் உபசாரத்தை அது ஏற்றுக்கொண்டுவிட்டது.