தலை என்ன யூனிஃபார்மா?

“ஒரு சைஸ் பெரிசா குடுங்க. வளர்ற பையன்!”

சைக்கிள் கடையில் எனக்கு முன்னால் நின்ற அப்பா சொன்னது இது. பையனுக்கு ஏழு வயசிருக்கும். ஹெல்மெட்டை மாட்டினார்கள். கண் மறைந்தது. தலையை ஆட்டினான். தலை ஆடியது, ஹெல்மெட் ஆடவில்லை. “ரெண்டு வருஷத்துல சரியாயிடும்” என்று பில் போடச் சொல்லிவிட்டார்.

யூனிஃபார்மைப் பெரிசாக வாங்குங்கள், மடித்துத் தைக்கலாம். ஷூவில் பஞ்சு அடைக்கலாம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். போதாததற்கு பி.காம். வேறு, ஒரு பொருளை ஐந்து வருஷம் இழுக்கிற கணக்கு எனக்கும் அத்துப்படி. ஆனால், ரெண்டு வருஷம் கழித்துப் பொருந்தப்போகிற ஹெல்மெட், இன்று சாயங்காலம் விழப்போகிற பிள்ளைக்கு எதற்கு சார்? விழும்போது அது பின்னால் நழுவும். தரையில் மோதப்போவது நெற்றி.

ஏற்கெனவே வாங்கியாச்சா? இப்போதே மாட்டிப் பாருங்கள். விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே ரெண்டு விரல் இடைவெளி, அதற்கு மேல் கூடாது. காதுக்கு முன்னும் பின்னும் வருகிற வார்கள் காது மடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். பிள்ளையை ‘ஆ’ காட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்துகிறதா? இல்லையென்றால் வார் லூஸ். இறங்கி விளையாடப் போனால் கழற்றிவிடுங்கள். சறுக்குமரக் கம்பியில் வார் மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும்.

அண்ணன் போட்டு விழுந்ததைத் தம்பிக்கு மாட்டுவது இன்னொரு கொடுமை. உள்ளே இருப்பது தெர்மோகோல் ரகம். நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை வாங்கினால் அதன் கதை முடிந்தது. வெளியே பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பைக்கில் போகிற ஒன்பது மாசக் குழந்தைக்குக்கூட 2023 பிப்ரவரியிலிருந்து ஹெல்மெட் கட்டாயம். தலைக்குப் பொருந்த வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். சைக்கிளுக்கு அந்த விதி கிடையாது. ஃபைன் இல்லை என்றால் நமக்கு அக்கறையும் இல்லை!

அந்த அப்பாவிடம் பாதி சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்லைங்க, பத்திரிகை.”

சிரித்துவிட்டுக் கிளம்பினார். பின்னாலேயே பையன், ஒரு கையால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.