மலிவு விலை வீரர்களும் மாதச் சம்பளமும்

கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து மகிழ்வது போய், ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுப்பதே ஓர் ஆட்டமாகி விட்டது. மும்பை மின்சார ரயிலில் காலை நேரத்தில் ஏறினால், இங்கிலாந்து லீக்கில் எந்தக் குழு ஜெயித்தது என்ற பேச்சோடு, யாரை எடுத்தால் எத்தனை புள்ளி என்ற பேச்சும் காதில் விழுகிறது. தமிழ் இளைஞர்களும் இதற்கு விலக்கல்ல.

ஆட்டத்தின் விதி எளியது. ஆளுக்கு 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம். அதற்குள் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. நிஜ மைதானத்தில் அவர்கள் கோல் போட்டால் புள்ளி. கோலுக்கு வழி செய்தால் புள்ளி. தங்கள் பக்கம் கோல் விழாமல் காத்தாலும் புள்ளி. ‘டிராப்ட்’ என்ற இன்னொரு முறையில் விலையே கிடையாது. நண்பர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்க முடியாது. பெரிய பெயர்களை எல்லாரும் அறிவர். பிறர் கண்ணில் படாதவரைக் கண்டெடுப்பவரே இரண்டு முறையிலும் ஜெயிக்கிறார்.

இது வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. பந்தயக் கடைகளில் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்தார்கள். அந்தக் குழுவின் ரியாத் மஹ்ரேசுக்குக் கற்பனை ஆட்டத்தில் விலை 55 லட்சம். ஜேமி வார்டிக்கு 60 லட்சம். பெரிய கிளப் ஆட்டக்காரர்களுக்கு இதைப் போல் இரு மடங்கு விலை. ஆனால் வார்டி அந்தப் பருவத்தில் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டார். மொத்தம் 24 கோல். லெஸ்டர் சாம்பியன் ஆயிற்று.

யார் இந்த வார்டி? கை கால் முறிந்தவர்களுக்குக் கட்டும் சிம்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, வாரம் 30 பவுண்டுக்குச் சிறு கிளப்பில் ஆடியவர். லெஸ்டர் அவரை 2012-ல் பத்து லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. மஹ்ரேசை 2014-ல் ஐந்து லட்சத்துக்கும் குறைவாக எடுத்து, 2018-ல் ஆறு கோடிக்கு விற்றது. கண் உள்ளவன் கண்டுகொண்டான்.

அந்தக் கண்ணுக்குச் சில வழிகள் உண்டு. முழு நேரமும் களத்தில் நிற்பவரா, பாதியில் வெளியே அழைக்கப்படுபவரா என்று பார்க்க வேண்டும். பெனால்டி அடிப்பவர் யார், அடுத்த ஐந்து ஆட்டங்களில் எதிரிகள் யார் என்று பார்க்க வேண்டும். பட்டியலில் எழுதிய இடமும் களத்தில் ஆடும் இடமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். 2019-20-ல் ஷெபீல்டு யுனைடெட் குழுவின் ஜான் லண்ட்ஸ்ட்ராம் பட்டியலில் தற்காப்பு ஆட்டக்காரர்; விலை 40 லட்சம்தான். களத்தில் அவர் ஆடியதோ நடுக்களத்தில். தற்காப்பு ஆட்டக்காரர் கோல் போட்டால் கூடுதல் புள்ளி என்பது விதி. இதைக் கவனித்தவர்கள் பலன் அடைந்தார்கள்.

இதுவரை சரி. இங்கிலாந்து லீக் நடத்தும் இந்த ஆட்டத்தில் சேரக் காசு கட்ட வேண்டியதில்லை. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஆடுகிறார்கள். தோற்றால் நண்பர்கள் கேலி செய்வார்கள், அதோடு போயிற்று. ஆனால், “இவ்வளவு கண் இருக்கிறதே, இதில் பணம் போட்டால் என்ன?” என்று ஆசை எழும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். 2015-ல் ‘புட்பால் இண்டெக்ஸ்’ என்று ஒரு கம்பெனி புறப்பட்டது. கால்பந்துக்கு இது பங்குச் சந்தை என்றார்கள். மலிவாகக் கிடைக்கும் ஆட்டக்காரரின் ‘பங்கை’ வாங்கு. அவர் நன்றாக ஆடினால் லாப ஈவு. விலை ஏறினால் விற்றுவிடு என்றார்கள். உண்மையில் அது பங்கு அல்ல, மூன்று ஆண்டு ஓடும் பந்தயம். இரண்டு கிளப்புகளின் சட்டையில் கம்பெனியின் பெயர் மின்னியது. அதைப் பார்த்து நம்பியவர்கள் சேமிப்பை எடுத்துப் போட்டார்கள். 2021 மார்ச் 5-ல், நாளொன்றுக்குப் பங்கிற்கு 14 பென்ஸ் வரை கிடைத்துவந்த ஈவை, இனி அதிகபட்சம் 3 பென்ஸ்தான் என்று கம்பெனி அறிவித்தது. விலைகள் சரிந்து விழுந்தன. ஒரு வாரத்துக்குள் உரிமம் நிறுத்தப்பட்டு, கம்பெனி நொடித்தது. வாடிக்கையாளர்களின் சுமார் 9 கோடி பவுண்டு உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆட்டக்காரர்களின் ஆட்டம் ஓர் இரவில் கெட்டுப்போகவில்லை. மாறியது கம்பெனியின் விதி மட்டுமே. சரியான ஆட்டக்காரரைக் கண்டெடுத்தவரும் தவறானவரை எடுத்தவரும் சேர்ந்தே மூழ்கினார்கள். ஆட்டக்காரரின் மதிப்பு வேறு. அவர் பெயரில் விற்கும் காகிதத்தின் மதிப்பு வேறு என்பதே இதில் உள்ள பாடம்.

ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளுக்கும் இது பொருந்தும். 1958-ல் உலகக் கோப்பை ஆடிய 17 வயது பெலேயின் படத்தோடு சுவீடனில் வெளியான ஓர் அட்டை, 2022-ல் 13 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. இதைக் கேட்டு, இன்றைக்கு ஆடும் பையன்களின் அட்டைகளை வாங்கி அடுக்கினால் நாளை லட்சாதிபதி என்று எண்ணுவோர் உண்டு. அன்றைய குழந்தைகள் அட்டைகளை வைத்து விளையாடினார்கள். கிழிந்தவை, தொலைந்தவை போக, மூலை மடங்காமல் மிஞ்சியது சில. அதனால்தான் அந்த விலை. எல்லாரும் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் எப்படி அரிய பொருளாகும்? அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் பேஸ்பால் அட்டைகளுக்கு இதே மோகம் வந்தது. கம்பெனிகள் அச்சடித்துத் தள்ளின. பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்களில் பலருக்குப் போட்ட பணம் கூடத் திரும்பவில்லை.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை அது தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரைச் சட்டம் தண்டிக்கவில்லை. பெரிய கம்பெனிகள் கட்டண ஆட்டங்களை அப்போதே நிறுத்தின. திறமைக்குத் தடையா என்று சிலர் குறைப்பட்டார்கள். திறமை உண்டுதான். ஆனால் கட்டணத் தொகையில் கம்பெனி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்துக்குத்தான் மற்றவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும். அதிலும் கணிப்பொறியோடு நூறு குழுக்களை இறக்குபவன் எதிரே, இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஒரு குழு தேர்வு செய்யும் தொழிலாளி எத்தனை நாள் நிற்க முடியும்?

வாசலை மூடினாலும் ஆசை ஜன்னல் வழியே வரும். வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் கூப்பிடும். அட்டையில் முதலீடு என்று யாராவது அழைப்பார்கள். அப்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நான் விற்க நினைக்கும் நாளில் வாங்கப் போவது யார்? விலைக்கும் ஈவுக்கும் விதி போடுவது யார்? அந்த விதியை அவர் ஓர் இரவில் மாற்றினால் என் கதி என்ன? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் அது முதலீடு அல்ல.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் முன்னோர். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, வாடகை போக மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் பணம், முன்பின் தெரியாத ஒருவரின் விதிப் புத்தகத்தில் போய் மாட்டக் கூடாது. காசில்லாக் கற்பனைக் குழுவை ஆடட்டும். பிடித்த ஆட்டக்காரரின் அட்டையை ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். அதில் தவறில்லை.

பிறர் காணாததைக் காணும் கண் உண்மையிலேயே இருந்தால், அதற்கு வேலையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால், வெறுங்காலோடு பந்தை உதைக்கும் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்து, ஒரு பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விடலாம். வார்டியையும் யாரோ ஒருவர் முதலில் அப்படித்தான் பார்த்தார்.